சர்வர் கத்திக்கொண்டே இருக்கிறது: ரெய்டு கார்டுக்கு எந்த மென்பொருள் போடுவது, எந்த டிஸ்க்கை உருவுவது?

தறிக்கணினி எழுதியது:

வணக்கம். ஒரு நூல் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், சிசிடிவி, பிரின்டரில் சிக்கிய பேப்பர் வரை பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நான். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த சர்வர் அதற்கு முன்பிருந்தே ஓடுகிறது, அமைத்துக் கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை.

சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து சர்வர் ரூமில் பீப் சத்தம். ஒரு விநாடி கத்துகிறது, ஒரு விநாடி நிற்கிறது, மறுபடி கத்துகிறது. யூபிஎஸ்தான் என்று நினைத்து வாட்ச்மேன் அதன் பட்டனை அமுக்கியிருக்கிறார், நல்லவேளை அது யூபிஎஸ் சத்தத்தை நிறுத்தும் பட்டன். அக்கவுண்ட்ஸ் அக்கா கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். திங்கள் காலை வந்து பார்த்தால் ஷேர் ஃபோல்டர் திறக்கிறது, பில் போடுகிறார்கள், எல்லாம் நடக்கிறது. ஆறு டிஸ்க்கில் இரண்டின் பச்சை விளக்கு எரியவில்லை, ஆனால் அவை எப்போதுமே அப்படித்தானா என்று சத்தியமாக நினைவில்லை. சர்வர் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள், அதை ஒரு மாதமாகவே சொல்கிறார்கள்.

உபுண்டு 22.04. பெட்டியின் மேல் மார்க்கரில் 'ரெய்டு 5, 4 டிபி 6 எண்ணம்' என்று ஸ்டிக்கர், அதாவது ஆறு டிஸ்க்கையும் ஒரு கார்டு ஒரே டிஸ்க்காகச் சேர்த்து வைத்திருக்கிறது, ஒன்று போனாலும் டேட்டா தப்பும். எல்எஸ்பிஎல்கே போட்டால் எஸ்டிஏ என்று 18.2 டிபியில் ஒரே டிஸ்க்தான் தெரிகிறது, உள்ளே இருக்கும் ஆறும் தெரியவில்லை. எல்எஸ்பிசிஐ போட்டால் பிராட்காம், எல்எஸ்ஐ, மெகாரெய்டு எஸ்ஏஎஸ்-3 3108 என்று வருகிறது. தேடிப் பார்த்தால் மெகாசிஎல்ஐ என்கிறார்கள், ஸ்டோர்சிஎல்ஐ என்கிறார்கள், பெர்க்சிஎல்ஐ என்கிறார்கள், இன்னொருவர் ஜாவா போட்டு ஏதோ ஸ்டோரேஜ் மேனேஜர் நிறுவச் சொல்கிறார். எதைப் போடுவது? சர்வரை நிறுத்தாமல் போட முடியுமா? ரீபூட் செய்து பயாஸ் வழியாகப் பார்க்கலாம் என்றால், திரும்ப எழாவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ரெய்டில் பிரச்சினை என்று முதலாளிக்குப் போன் செய்தேன், அந்தப் பக்கம் பத்து விநாடி பேச்சே இல்லை. இது அந்த ரெய்டு இல்லை சார் என்று விளக்கிய பிறகுதான் மூச்சு விட்டார்.

நடுச்சாமம் எழுதியது:

முதலில் இரண்டு விஷயம். ரீபூட் வேண்டாம். எந்த டிஸ்க்கையும் தொட வேண்டாம். ஒரு விநாடி கத்தி ஒரு விநாடி நிற்கும் தாளம் என்றால் அர்ரே (சேர்த்துக் கட்டிய டிஸ்க் தொகுப்பு) டிகிரேடட் ஆகியிருக்கிறது, அதாவது ஒரு டிஸ்க் போயும் ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தமாக ஆஃப்லைன் ஆகியிருந்தால் மூன்று விநாடி கத்தி ஒரு விநாடி நிற்கும், அந்தத் தாளம் கேட்டிருந்தால் நீங்கள் இங்கே இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் கம்பெனி கைமாறியதுதான். எல்எஸ்ஐயை 2014-ல் அவாகோ வாங்கியது, அவாகோ 2016-ல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. கார்டு அதேதான், பெயர்ப்பலகை மட்டும் மூன்று. மெகாசிஎல்ஐ பழைய கருவி, அதன் கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்கள் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் புதிதாகக் கற்க வேண்டாம். ஸ்டோர்சிஎல்ஐதான் அதன் வாரிசு, உங்கள் 3108-க்கு அதுவே சரி. பெர்க்சிஎல்ஐ என்பது டெல் தன் பெர்க் கார்டுகளுக்காகத் தரும் அதே கருவி, கட்டளைகளும் கிட்டத்தட்ட அதேதான். ஸ்டோர்சிஎல்ஐ2 என்று ஒன்று கண்ணில் படும், அது 9600 வரிசைப் புதுக் கார்டுகளுக்கு, உங்களுக்கு இல்லை. ஜாவா கேட்கும் ஸ்டோரேஜ் மேனேஜர் பழைய ஜன்னல் மென்பொருள், அதற்குப் பிறகு பிரவுசரில் திறக்கும் ஸ்டோரேஜ் அத்தாரிட்டி வந்தது. ஒரே ஒரு சர்வருக்கு இரண்டுமே வேண்டாத சுமை.

நிறுவுவதற்கு சர்வரை நிறுத்தத் தேவையில்லை. கர்னலில் மெகாரெய்டு டிரைவர் ஏற்கெனவே ஓடுகிறது, இல்லாவிட்டால் எஸ்டிஏவே தெரிந்திருக்காது. ஸ்டோர்சிஎல்ஐ அந்த டிரைவர் வழியாகக் கார்டோடு பேசும் ஒரு சாதாரண நிரல், அவ்வளவுதான். பிராட்காம் சப்போர்ட் பக்கத்தில் ஜிப்பாகக் கிடைக்கும். பிரித்தால் உள்ளே இன்னொரு ஜிப், அதற்குள் விண்டோஸ், லினக்ஸ், விஎம்வேர், உபுண்டு என்று தனித்தனி ஃபோல்டர். உபுண்டு ஃபோல்டரில் டெப் கோப்பு இருக்கும், சூடோ போட்டு டிபிகேஜி மைனஸ் ஐ. லினக்ஸ் ஃபோல்டரில் இருப்பது ஆர்பிஎம், அதை எடுத்து ஏலியன் போட்டு மாற்ற வேண்டிய காலம் போய்விட்டது.

நிறுவியதும் பெயரைத் தட்டினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றுதான் வரும், பலபேர் இங்கேதான் நிறுவல் தோற்றுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில், சேருவதில்லை. ஆப்ட் ஃபோல்டருக்குள் மெகாரெய்டு, அதற்குள் ஸ்டோர்சிஎல்ஐ, அதற்குள் ஸ்டோர்சிஎல்ஐ64 என்று உட்கார்ந்திருக்கும். யூஎஸ்ஆர் லோக்கல் எஸ்பின்னுக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டுவிடுங்கள். சூடோ இல்லாமல் ஓட்டினால் கன்ட்ரோலர் எண்ணிக்கை பூஜ்யம் என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைக்கும், பயப்பட வேண்டாம்.

போனிலிருந்து எழுதுகிறேன், கீபோர்டை மாற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை, கட்டளைகளை அப்படியே உச்சரிப்பில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதலில் '/சி0 செட் அலாரம்=சைலன்ஸ்', அக்காவின் காதுக்காக. ஆஃப் என்று போட்டுவிடாதீர்கள், அது அடுத்த தடவையும் கத்தாமல் ஊமையாக்கிவிடும், சைலன்ஸ் இந்தத் தடவைக்கு மட்டும். அப்புறம் '/சி0 ஷோ', '/சி0/இஆல்/எஸ்ஆல் ஷோ', '/சி0/சிவி ஷோ ஆல்'. சி0 என்பது கார்டு, இ என்பது டிஸ்க்குகள் இருக்கும் கூடு, எஸ் என்பது ஸ்லாட், சிவி என்பது கார்டின் கேஷைக் காக்கும் கெபாசிட்டர். மூன்றும் பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றாது. வருவதை இங்கே போடுங்கள்.

தறிக்கணினி எழுதியது:

அண்ணா, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நீங்கள் சொன்ன அதே இடத்தில் 'நாட் ஃபவுண்ட்' வந்தது, சொல்லியிராவிட்டால் இன்றைக்கு முழுக்க அதையே நோண்டியிருப்பேன். சத்தம் நின்றது, அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

பார்த்தது இது. வர்ச்சுவல் டிரைவ் ஒன்று, ரெய்டு 5, நிலை டிகிரேடட், அளவு 18.189 டிபி. டோபாலஜி பட்டியலில் ஒரு வரியில் மட்டும் 'மிஸ்ஸிங்' என்பதன் சுருக்கம். கீழே டிஸ்க் பட்டியலில் 252:0 முதல் 252:5 வரை ஆறு வரி, ஐந்தில் ஆன்லைன். 252:2-ல் மட்டும் யூபேட் (கெட்டது), எந்த டிஸ்க் குரூப் என்று காட்டும் டிஜி என்ற இடத்தில் வெறும் கோடு. அப்படியென்றால் போனது ஸ்லாட் 2, சரியா? 252:2-க்கு அடுத்த டிஐடி என்ற இடத்தில் 11 என்று இருக்கிறது, அது என்ன எண்?

சந்தேகத்தில் மற்ற ஐந்துக்கும் 'ஷோ ஆல்' போட்டேன். ஸ்லாட் 4-ல் மீடியா எரர் கவுன்ட் 41, மற்ற நான்கிலும் 0. சிவி கேட்டால் நிலை ஃபெயில்டு. 41 என்பது பெரிய எண்ணா சின்ன எண்ணா? டிஸ்க்கை வாங்கி ஸ்லாட் 2-ல் செருகிவிடலாமா?

பழைய இரும்பு எழுதியது:

தம்பி, செருகாதே. கொஞ்சம் பொறு.

நான் 2000-களின் தொடக்கத்திலிருந்து இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறேன், ரெய்டு 5-ல் டேட்டா போன கதைகளில் பாதிக்கு மேல் முதல் டிஸ்க் செத்ததால் போனவை இல்லை, செத்த பிறகு நாம் அவசரப்பட்டுச் செய்த காரியத்தால் போனவை. என் கதையையே சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் பில்லிங் சர்வர், எட்டு டிஸ்க், ஸ்லாட் 3 போய்விட்டது என்று மென்பொருள் சொல்கிறது. ராத்திரி பதினொரு மணி. நான் இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்றாவதை உருவினேன். மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. நான் உருவியது ஸ்லாட் 2, நல்ல டிஸ்க். கையில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, அந்தச் சின்ன அதிர்வு விரலில் தெரிந்தது, செத்த டிஸ்க்கில் அப்படி இருக்காது. அப்போதுதான் புரிந்தது. அதற்குள் ரிசப்ஷனிலிருந்து 'சார், எல்லாம் ஸ்டக் ஆயிடுச்சு' என்று போன்.

நல்லவேளை வேறு எதையும் தொடாமல் அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகினேன். ஃபாரின் என்று காட்டியது. அதாவது 'இந்த டிஸ்க்கில் ஒரு அர்ரேயின் விவரம் எழுதியிருக்கிறது, ஆனால் இது என் கணக்கில் இல்லை' என்று கார்டு சொல்கிறது. அங்கே இரண்டு வழி: இம்போர்ட், டெலீட். இம்போர்ட் கொடுத்தேன், அர்ரே எழுந்தது. பதற்றத்தில் 'ஏதோ அந்நியச் சரக்கு, அழித்துவிடு' என்று டெலீட் கொடுத்திருந்தால் நான் இப்போது வேறு தொழிலில் இருந்திருப்பேன். '/சி0/எஃப்ஆல்' என்று ஆரம்பிக்கும் எந்தக் கட்டளையையும் தட்டும் முன் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வா.

சரி, உன் விஷயம். ஸ்லாட் 2 செத்துவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. கவலை ஸ்லாட் 4. மீடியா எரர் 41 என்றால் 41 இடத்தில் படிக்க முடியாமல் திணறியிருக்கிறது. சனிக்கிழமை வரை அதில் ஆபத்து இல்லை, ஏனென்றால் மற்ற ஐந்து டிஸ்க்கையும் வைத்துக் கணக்குப் போட்டு அந்த இடத்தைக் கார்டே திருத்தி எழுதிவிடும், வாரம் ஒரு முறை பேட்ரோல் ரீட் என்று தானாக ரோந்து போய் இதைத்தான் செய்கிறது. இப்போது ஒரு டிஸ்க் இல்லை. இனி ஸ்லாட் 4-ல் ஒரு இடம் படிக்க முடியாமல் போனால் அதைத் திருத்த யாரும் இல்லை. ரீபில்ட் என்றால் மிச்சமுள்ள ஐந்து டிஸ்க்கையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து, போனதன் சரக்கைக் கணக்குப் போட்டுப் புது டிஸ்க்கில் எழுதுவது, படிப்பது மட்டும் 20 டிபி. சாதாரண மேசை டிஸ்க்குகளின் தகவல் தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள், அது சுமார் 12.5 டிபி. அதற்காகக் கண்டிப்பாக வரும் என்று அர்த்தமில்லை, நல்ல டிஸ்க்குகள் அதைவிட எவ்வளவோ தூரம் பிழையில்லாமல் ஓடும். ஆனால் உன்னுடையதில் ஒன்று ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கிறது.

இந்த வகைக் கார்டு நடுவில் பிழை வந்தாலும் ரீபில்டை நிறுத்திவிடாது. அந்த ஸ்ட்ரைப்பை (எல்லா டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும் ஒரு துண்டு) பஞ்சர் என்று குறித்துவைத்துவிட்டு மேலே போகும். அர்ரே ஆப்டிமல் (எல்லாம் சரி) என்றே காட்டும், ஆனால் அந்த இடத்தில் இருந்த கோப்பு போனது போனதுதான். நம்மவர்கள் ஆப்டிமல் என்று பார்த்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் ஒரு ஃபைலைக் கேட்கும்போது தெரிகிறது.

அதனால் வரிசை: முதலில் இருப்பதை எல்லாம் வெளியே ஒரு டிஸ்க்குக்குக் காப்பி எடு. டேட்டாபேஸும் அக்கவுண்ட்ஸும் முதலில், சிசிடிவி கடைசியில். அது முடியும் வரை ஸ்லாட் 2 அப்படியே கிடக்கட்டும்.

பெங்குவின் பித்தன் எழுதியது:

இதற்குத்தான் ஹார்டுவேர் ரெய்டே வேண்டாம் என்று பத்து வருடமாகக் கத்துகிறேன். கார்டே இல்லாமல் லினக்ஸே ரெய்டு நடத்தும் எம்டிஏடிஎம் போட்டிருந்தால் எந்த சப்போர்ட் பக்கத்தையும் தேட வேண்டாம், ஜிப்புக்குள் ஜிப் வேண்டாம், ப்ராக் எம்டிஸ்டாட்டைத் திறந்தால் முழுக் கதையும் ஒரு பார்வையில் தெரியும், ஒவ்வொரு டிஸ்க்கும் லினக்ஸுக்கு நேராகத் தெரிவதால் டிஸ்க்கின் நலம் சொல்லும் ஸ்மார்ட் விவரமும் நேராக வரும். கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும், எம்டி அர்ரேயைக் கழற்றி எந்த லினக்ஸ் பெட்டியில் மாட்டினாலும் எழுந்துவிடும். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாக முழுச் சோதனை ஓடும். மெயில் போகிறதா என்று பார்க்க மானிட்டர், ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் என்று நான்கு சொல், ஒரு சோதனை மெயில் வந்து விழும். இதெல்லாம் இலவசம்.

நடுச்சாமம் எழுதியது:

பித்தன், நீங்கள் சொல்வது தப்பில்லை, புதிதாகப் பெட்டி வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். வீடு எரியும்போது ஓலை வேய்ந்தது தப்பு என்று பாடம் எடுக்காதீர்கள். எம்டியிலும் மெயில் முகவரியே போடாமல் டிகிரேடட் நிலையில் வருடக்கணக்கில் ஓடிய பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அங்கே கத்துவதற்கு பஸர்கூடக் கிடையாது.

தறிக்கணினி, டிஐடி என்பது கார்டு அந்த டிஸ்க்குக்கு உள்ளே வைத்திருக்கும் எண், ஸ்லாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்மார்ட்சிடிஎல்லில் மைனஸ் டி போட்டு 'மெகாரெய்டு' கமா அந்த எண் என்று கொடுத்தால், எஸ்டிஏவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டிஸ்க்கோடு நேராகப் பேசலாம். சாட்டா டிஸ்க்குக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்னால் 'சாட் பிளஸ்' சேர்க்க வேண்டும். அங்கே ஸ்லாட் எண்ணைக் கொடுத்துவிட்டு வேறு டிஸ்க்கின் நலத்தைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் நிறைய, கவனம்.

சிவி ஃபெயில்டு என்பதுதான் உங்கள் ஒரு மாத மந்தத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். கார்டில் இருக்கும் கேஷுக்கு (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) ஒரு சின்ன சூப்பர் கெபாசிட்டர் காவல், அதுதான் சிவி. கரன்ட் போனால் கேஷில் இருப்பதை ஃப்ளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்குத்தான் அதில் சக்தி. அது செத்தால் கார்டு தானாக, கேஷில் வாங்கியதுமே 'ஆயிற்று' என்று சொல்லும் ரைட் பேக்கை விட்டு ரைட் த்ரூவுக்கு இறங்கிவிடும், அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் 'ஆயிற்று' என்று சொல்லும். ரெய்டு 5-ல் சின்னச் சின்ன எழுத்துக்கு அது ஆமை வேகம். 'எப்போதும் ரைட் பேக்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, போட்டதும் பறக்கும், யாராவது அதைச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நம் ஊர்க் கரன்டுக்கு அது தற்கொலை. கெபாசிட்டர் தொகுப்பைத் தனியாக வாங்கலாம், அதற்கு மட்டும் சர்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்த வேண்டியிருக்கும்.

டிஸ்க் வாங்கும்போது அதே 4 டிபி அல்லது பெரியது, சாட்டாவுக்கு சாட்டாவே, எஸ்ஏஎஸ் (வேறு இணைப்பு வகை) கலக்க வேண்டாம். செக்டர் அளவும் பார்த்துக்கொள்ளுங்கள், முழு 4கே டிஸ்க்கைப் பழைய அர்ரேயில் சேர்த்துக்கொள்ளாது. இரண்டாக வாங்குங்கள், இரண்டாவது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். எட்டு ஸ்லாட் பெட்டி என்றால் இரண்டு காலியாக இருக்குமே?

கோடிவீடு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எங்கள் ஆபீஸில் எச்பி ஜென்9 சர்வர், அதற்கும் இதே ஸ்டோர்சிஎல்ஐதானா?

பழைய இரும்பு எழுதியது:

இல்லை. எச்பியின் ரெய்டு கார்டான ஸ்மார்ட் அர்ரேக்குத் தனிக் கருவி, எஸ்எஸ்ஏசிஎல்ஐ. முன்பு எச்பிஏசியூசிஎல்ஐ, நடுவில் எச்பிஎஸ்எஸ்ஏசிஎல்ஐ என்று பெயர், பழைய கட்டுரைகளில் அந்தப் பெயர்களில்தான் இருக்கும், கட்டளை அமைப்பு அப்படியே. ஸ்மார்ட்சிடிஎல்லில் மெகாரெய்டுக்குப் பதில் சிசிஐஎஸ்எஸ் என்று கொடுக்க வேண்டும்.

அதில் எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி இருந்தால் நிறுவியதும் முதல் வேலையாக ஒவ்வொன்றின் ஃபர்ம்வேர் பதிப்பையும் பாருங்கள். 2019 நவம்பரில் எச்பிஇ ஒரு அறிவிப்பு வெளியிட்டது: சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், எச்பிடி8 என்ற ஃபர்ம்வேருக்கு மாறினால்தான் தப்பிக்கும். கணக்குப் போட்டால் 3 வருடம் 270 நாள் 8 மணி. 2-இன் 15-ஆம் அடுக்கு, மணியை எண்ணும் இடம் நிரம்பி வழிந்த கதை. ஒரே நாளில் மாட்டிய எட்டு எஸ்எஸ்டியும் ஒரே நாளில் விழும், ரெய்டு 6 போட்டாலும் ரெய்டு 10 போட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே பெட்டியில் ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகளை மட்டுமே போட்டு அர்ரே அமைப்பது எனக்குப் பிடிக்காது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் எப்போதும் இரண்டு கடையில் பிரித்து வாங்குவேன், கணக்குப்பிள்ளை திட்டுவார், திட்டட்டும்.

தறிக்கணினி எழுதியது:

வெள்ளிக்கிழமை நிலவரம். எட்டு ஸ்லாட் பெட்டிதான், 6-உம் 7-உம் காலி. வெளி டிஸ்க் ஒன்று வாங்கி 7 டிபியைக் காப்பி எடுத்தேன், சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருப்பதால் ஒன்றரை நாள் பிடித்தது. ஒரே ஒரு கோப்பு 'இன்புட் அவுட்புட் எரர்' என்று நின்றது, பழைய சிசிடிவி பதிவு ஒன்று. பெரியவர் சொன்ன பஞ்சர் கதை நினைவுக்கு வந்து கை கொஞ்சம் நடுங்கியது, அக்கவுண்ட்ஸ் எல்லாம் முழுசாக வந்துவிட்டது.

டிஸ்க் கதைதான் வேடிக்கை. ஒரு கடையில் 'சீல்டு பீஸ்' என்று சொல்லி இரண்டு அனுப்பினார்கள். முதலில் ஒன்றை ஸ்லாட் 7-ல் செருகி பட்டியலைப் பார்த்தால் யூகுட், சரி, ஆனால் டிஜி இடத்தில் எஃப் என்று இருக்கிறது. ஃபாரின்! புது டிஸ்க்கில் எப்படி ஃபாரின் வரும்? டிஐடி எண்ணைப் பார்த்து ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டினேன், பவர் ஆன் ஹவர்ஸ் 21,000-க்கு மேல். யாரோ ஒருவருடைய அர்ரேயில் இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு என்னிடம் புதுசாக வந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியதும் கடைக்காரர் எதுவும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். இப்போது வந்திருக்கும் இரண்டிலும் மணி 0.

ஸ்லாட் 2-ஐ உருவ விளக்கை மினுக்கச் சொல்லி '/சி0/இ252/எஸ்2 ஸ்டார்ட் லொகேட்' கொடுத்தேன், எதுவும் மினுக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

நடுச்சாமம் எழுதியது:

செத்த டிஸ்க் சில சமயம் விளக்குக்கும் பதில் சொல்லாது. தலைகீழாகச் செய்யுங்கள்: நல்ல ஐந்துக்கும் லொகேட் கொடுங்கள், ஐந்தும் மினுக்கும், மாட்டியிருப்பவற்றில் எது மினுக்கவில்லையோ அதுதான். பிறகு உருவுவதற்கு முன் நல்ல ஐந்தின் சீரியல் எண்ணையும் 'ஷோ ஆல்' போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், உருவியதன் ஸ்டிக்கரில் இருப்பது அந்த ஐந்தில் இல்லை என்று உறுதியான பிறகு புதியதைச் செருகுங்கள்.

ஏற்கெனவே யூபேட் என்பதால் ஆஃப்லைன் எல்லாம் கொடுக்கத் தேவையில்லை. செருகியதும் தானாக ரீபில்ட் ஆரம்பித்துவிட வேண்டும், '/சி0/இ252/எஸ்2 ஷோ ரீபில்ட்' சதவீதம் காட்டும். ஆரம்பிக்காமல் யூகுட் என்று சும்மா இருந்தால் அதை அந்த அர்ரேயின் ஹாட் ஸ்பேர் (தயாராகக் காத்திருக்கும் மாற்று டிஸ்க்) ஆக்குங்கள், 'ஆட் ஹாட்ஸ்பேர்டிரைவ் டிஜிஎஸ்=0', உடனே இழுத்துக்கொள்ளும். ஜேபாட் (ரெய்டில் சேராத தனி டிஸ்க்) என்று காட்டினால் முதலில் 'செட் குட் ஃபோர்ஸ்'. ரீபில்ட் வேகம் இயல்பாக 30 சதவீதத்தில் இருக்கும், சனி ஞாயிறு யாரும் இல்லை என்றால் ஏற்றலாம், ஆனால் உங்கள் ஸ்லாட் 4 இருக்கும் நிலையில் அவசரம் வேண்டாம் என்பேன்.

இரண்டாவது டிஸ்க் எதற்கு என்றால், ரீபில்ட் முடிந்து ஆப்டிமல் ஆனதும் அதை ஸ்லாட் 6-ல் செருகி '/சி0/இ252/எஸ்4 ஸ்டார்ட் காப்பிபேக் டார்கெட்=252:6'. ஸ்லாட் 4-ஐப் பிடுங்கிவிட்டு மறுபடி ரீபில்ட் செய்தால் அந்த நேரம் முழுக்கப் பாதுகாப்பு இல்லாமல் நிற்பீர்கள். காப்பிபேக்கில் பழையது வேலையில் இருக்கும்போதே அதன் சரக்கைப் புதியதுக்கு மாற்றிவிட்டுக் கடைசியில்தான் பழையதை விடுவிக்கும். இந்தக் கட்டளை இருப்பதே பலபேருக்குத் தெரியாது.

தறிக்கணினி எழுதியது:

எல்லாம் முடிந்தது. செருகிய சில விநாடியில் ரீபில்ட் தானாக ஆரம்பித்தது, 17 மணி நேரம். 63 சதவீதத்தில் ஸ்லாட் 4-ன் மீடியா எரர் 44 ஆனதைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். காப்பிபேக் ஞாயிறு சாயங்காலம் முடிந்தது. ஸ்லாட் 4 இப்போது யூகுட், குட் என்று சொன்னாலும் அதைத் திரும்பப் பயன்படுத்தப் போவதில்லை. கெபாசிட்டருக்கு ஆர்டர் போட்டாயிற்று.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிலையைப் பார்த்து ஆப்டிமல் இல்லையென்றால் மெயில் அனுப்ப, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டேன், கடைசியில் ஜே சேர்த்தால் ஜேசனாக வருவதால் எழுதச் சுலபமாக இருந்தது. மெயில் போகிறதா என்று பார்க்க ஸ்கிரிப்டில் 'ஆப்டிமல்' என்ற சொல்லை வேண்டுமென்றே தப்பாக எழுதி ஓட்டிப் பார்த்தேன், வந்தது.

ஒரே ஒரு பிரச்சினை. ரீபில்ட் முடிந்ததிலிருந்து மறுபடி கத்துகிறது. எல்லாம் ஆப்டிமல், மிஸ்ஸிங் இல்லை, யூபேட் இல்லை. ஆனால் முன்பு போல் இல்லை, ஒரு விநாடி கத்தி மூன்று விநாடி நிற்கிறது.

பழைய இரும்பு எழுதியது:

அது 'ரீபில்ட் முடிந்தது' என்று சொல்கிறது தம்பி. நீ கேட்டுக்கொண்டாய் என்று தெரியும் வரை சொல்லிக்கொண்டே இருக்கும். அதே சைலன்ஸ் கட்டளை.

நடுச்சாமம் எழுதியது:

அப்படியே கிரான் வரியில் 'நோலாக்' சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓடும்போதெல்லாம் ரூட்டின் ஃபோல்டரில் ஸ்டோர்சிஎல்ஐ லாக் என்று ஒரு கோப்பை எழுதிக்கொண்டே இருக்கும்.

தறிக்கணினி எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன், ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. சேர்த்துவிட்டேன். சத்தமும் நின்றது. அக்கா எட்டிப் பார்த்து, 'என்ன தம்பி, சர்வர் ஆஃப் ஆயிடுச்சா?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்.